பியென்சாவில் எதைப் பார்க்கலாம், எதை நம்பலாம்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாக ஒரு பயணக் கேள்வி. இத்தாலியில் சியெனாவில் தங்கும் நாள்களில் அரை நாளைப் பியென்சா என்ற சிற்றூருக்கு ஒதுக்க முடியும், அங்கே எந்தெந்தப் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம் என்கிறீர்கள். அதனுடன் இரண்டு ஐயங்களையும் சேர்த்திருக்கிறீர்கள்: "உலகின் முதல் திட்டமிட்ட நகரம்" என்று பயணக் கையேடுகள் எழுதுவது உண்மையா, அங்குள்ள பேராலயம் மெல்லச் சரிந்துகொண்டிருக்கிறது என்பது கதையா? இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மட்டுமே வாழும் ஓர் ஊருக்கு இவ்வளவு பெரிய பெயர் எப்படி வந்தது, அந்தப் பெயர் அதற்குத் தகுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கட்டடக்கலை பயின்று, பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன். பியென்சா நான் பலமுறை சென்று நின்று பார்த்த ஊர். அந்தப் பயிற்சியிலிருந்து சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மண்ணியலும் ஓவிய வரலாறும் என் துறைகள் அல்ல என்பதால் அவற்றைத் தொடும் இடங்களில் பொதுவாக ஏற்கப்பட்டதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பட்டத்தைப் பார்த்துவிடலாம். "முதல் திட்டமிட்ட நகரம்" என்பது நிச்சயமாகத் தவறு. பியென்சாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஃபுளோரன்ஸ் குடியரசு தன் எல்லைப் பகுதிகளில் நேர்கோட்டுத் தெருக்களும் நடுவில் சதுக்கமும் கொண்ட புதிய ஊர்களை அளந்து அமைத்தது; 1299-இல் தொடங்கப்பட்ட சான் ஜொவான்னி வல்தார்னோ அவற்றுள் ஒன்று. அதற்கும் முன்னே ரோமானியர்கள் நகரங்களைக் கட்டம் கட்டமாக வகுத்தவர்கள். பியென்சாவில் அப்படி முழு ஊரும் புதிதாக வகுக்கப்படவே இல்லை. மலைமுகட்டின் வளைவைப் பின்பற்றிச் செல்லும் பழைய முதன்மைத் தெரு அப்படியே இருக்க, அதன் நடுப்பகுதிதான் மாற்றி எழுப்பப்பட்டது. யுனெஸ்கோ 1996-இல் இவ்வூரின் பழைய மையப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மறுமலர்ச்சிக் காலத்து மனிதநேய அறிஞர்களின் நகர அமைப்புக் கருத்துகள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இடம் என்ற பொருளில்தான் அதற்குச் சிறப்பளித்தது. அந்தக் கூற்றை ஏற்கலாம். ஒரு சதுக்கத்தையும் அதைச் சூழ்ந்த தேவாலயம், மாளிகை, ஆயர் இல்லம், ஊர் மன்றம் ஆகிய நான்கையும் ஒன்றையொன்று கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரே காலத்தில் சிந்தித்துக் கட்டியதற்கு அதற்கு முந்தைய இத்தாலியில் இவ்வளவு தெளிவான சான்று வேறொன்றை என்னால் காட்ட முடியவில்லை. முழு நகரமும் ஒரே திட்டத்தில் எழுந்ததைப் பார்க்க விரும்பினால், அதற்கு அடுத்த நூற்றாண்டில் வெஸ்பசியானோ கொன்சாகா கட்டிய சப்பியொனேட்டாவுக்குத்தான் போகவேண்டும்.

இந்த ஊரின் பழைய பெயர் கோர்சினியானோ. சியெனாவின் அரசியலில் செல்வாக்கிழந்த பிக்கோலோமினி குடும்பம் ஒதுங்கி வாழ்ந்த மலைக்கிராமம் அது. அங்கே 1405-இல் பிறந்த ஏனியா சில்வியோ பிக்கோலோமினி, பாசல் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் எழுத்தராகத் தொடங்கி, பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கின் அவையில் கவிஞராக முடிசூட்டப்பட்டு, பல ஆண்டுகள் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வாழ்ந்து, பின்னர் ஆயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்து, 1458-இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பானார். மறு ஆண்டு மாந்துவாவில் தாம் கூட்டியிருந்த மாநாட்டுக்குச் செல்லும் வழியில் சொந்த ஊரில் தங்கினார். தம் வயதொத்தவர்களில் பலர் இறந்துவிட்டதையும் எஞ்சியவர்கள் நோயிலும் முதுமையிலும் தளர்ந்திருந்ததையும் கண்டு வருந்தியதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தாம் பிறந்த இடத்துக்கு ஒரு நிலையான அடையாளம் வேண்டும் என்ற எண்ணத்தில் தேவாலயம் ஒன்றையும் மாளிகை ஒன்றையும் கட்ட ஆணையிட்டார். பணி 1459-இல் தொடங்கியது. தேவாலயம் 1462 ஆகஸ்டில் திருநிலைப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஊர் ஆயரின் இருக்கையாக உயர்த்தப்பட்டு, போப்பின் பெயரைத் தாங்கிப் பியென்சா ஆயிற்று. இவை ஐயத்துக்கு இடமற்றவை. கட்டுவித்தவரே கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் விவரித்து எழுதிவைத்திருப்பது அந்தக் காலத்தில் மிக அரிது. பியென்சாவைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்கு அதுவே காரணம். அதே வேளையில், நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே தரப்பின் குரல் என்பதையும், அது தம் புகழில் அக்கறை கொண்ட ஒருவரின் குரல் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டியவர் யார் என்பதில் சிறிது விலகி நின்று பேசவேண்டியிருக்கிறது. பயஸ் தம் குறிப்புகளில் ஃபுளோரன்ஸைச் சேர்ந்த பெர்னார்தோ என்று மட்டுமே எழுதுகிறார். அவர் பெர்னார்தோ ரோஸ்ஸெல்லினோதான் என்று இன்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அறிஞர் லியோனார்தோ புரூனியின் கல்லறையைச் செதுக்கியவர் அவர்; போப் ஐந்தாம் நிக்கலாஸின் காலத்தில் ரோமில் பணியாற்றியவர். பியென்சாவின் முதன்மைத் தெருவும் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. இன்னொரு பெயரும் இந்த ஊரைப் பற்றிய பேச்சில் தவறாமல் வரும்: கட்டடக்கலைக்கு நூல் செய்த லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி. அவர் போப்பின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர், மாந்துவாவுக்குச் சென்ற பரிவாரத்தில் இருந்தவர், பயஸுக்கு நன்கு அறிமுகமானவர் என்பதெல்லாம் சரியே. ஆனால் பியென்சாவின் திட்டத்தில் அவர் கைவைத்தார் என்பதற்கு நேரடி ஆவணம் இல்லை. சதுக்கத்தில் நிற்கும்போது அவருடைய கருத்துகளின் சாயல் தெரியும். சாயல் தெரிவதும் பங்கு இருந்ததும் வெவ்வேறு. யாராவது "இது ஆல்பெர்த்தியின் வடிவமைப்பு" என்று உறுதியாகச் சொன்னால், அதை ஊகமாக மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சதுக்கத்துக்கு வருவோம். இரண்டாம் பயஸ் சதுக்கம் என்று அழைக்கப்படும் அந்த இடம் முதலில் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், ஏனெனில் அது மிகச் சிறியது. தெருவிலிருந்து உள்ளே திரும்பியவுடன் எதிரே தெற்கில் பேராலயத்தின் முகப்பு. வலப்புறம் போப்பின் குடும்ப மாளிகை. இடப்புறம் ஆயர் இல்லம். முதுகுக்குப் பின்னால், தெருவுக்கு அப்பால், வளைவுத் தாழ்வாரத்துடன் ஊர் மன்றம். தரையில் செங்கல் பாவி, அதை வெளிர்நிற டிராவர்டைன் கல் பட்டைகளால் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்கள் மாளிகை முகப்புகளின் தூண் இடைவெளிகளோடு உறவாடுவதைச் சற்று நேரம் நின்றால் உங்கள் கண்ணே கண்டுபிடித்துவிடும். மாளிகைக்கு அருகே ஒரு கிணறு இருக்கிறது. இரு மெல்லிய தூண்களும் மேலே ஒரு குறுக்குக் கல்லும் கொண்ட அந்தச் சிறு அமைப்பும் ரோஸ்ஸெல்லினோவுடையது என்றே சொல்லப்படுகிறது. கிணற்றைக் கூடச் சதுக்கத்தின் நடுவில் வைக்காமல் ஓரமாக நிறுத்தியது, நடுவெளியில் எதுவும் பார்வையை மறிக்கக்கூடாது என்பதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சதுக்கம் செவ்வகம் அல்ல என்பதுதான் முக்கியம். தெருப் பக்கம் குறுகியும் தேவாலயப் பக்கம் அகன்றும் இருக்கும் சரிவகம் அது. இரு பக்க மாளிகைகளும் தேவாலயத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. இணைகோடுகள் தொலைவில் குவிவதாகக் காணப் பழகிய நம் கண், விலகிச் செல்லும் சுவர்களை இணைகோடுகளாகவே எடுத்துக்கொள்கிறது. எனவே எதிரே நிற்கும் முகப்பு உண்மையில் இருப்பதைவிட அண்மையிலும் பெரிதாகவும் தெரிகிறது. இரண்டாவதாக, தேவாலயத்தின் இரு புறமும் மாளிகைகளுக்கு இடையே இடைவெளி பிறக்கிறது. அந்த இடைவெளிகளின் வழியே வெளியும் வானும், கீழே ஓர்ச்சா பள்ளத்தாக்கும், தொலைவில் அமியாட்டா மலையும் சதுக்கத்துக்குள் வந்துவிடுகின்றன. இத்தாலியச் சதுக்கங்கள் பெரும்பாலும் நாற்புறமும் அடைத்த முற்றங்களைப் போல இருப்பவை. ஊரின் நடுவில் நின்றபடி நாட்டுப்புறத்தைக் காணும்படி வழிவிட்டுக் கட்டியதைத்தான் பியென்சாவின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்ததை நீங்கள் ஃபுளோரன்ஸில் பார்த்துவிடலாம். கட்டடங்களும் அவற்றுக்கு நடுவே விடப்பட்ட வெளியும் சேர்ந்து செய்யும் வேலையை அங்கே பார்க்க முடியாது.

இந்த வடிவம் கணக்குப் போட்டுச் செய்ததா, இருந்த நிலம் தந்ததா என்பது திறந்த கேள்வி. பழைய தெரு வளைந்து செல்வதும், மாளிகைகள் நின்றிருந்த மனைகளின் எல்லைகளும் இந்தக் கோணத்தைப் பெருமளவு முன்கூட்டியே தீர்மானித்திருக்கலாம். நில வடிவத்தை ஏற்றுக்கொண்டு அதிலிருந்து நன்மை பெறுவதும் கட்டடக் கலைஞரின் திறமைதான் என்பதால், இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சுமார் எண்பதாண்டுகளுக்குப் பிறகு ரோமில் மைக்கலாஞ்சலோ கம்பிதோல்யோ சதுக்கத்துக்கு இதே சரிவக வடிவத்தைப் பயன்படுத்தினார். அங்கும் பழைய கட்டடத்தின் கோணம்தான் தொடக்கமாக அமைந்தது. இதைவிடத் துணிச்சலான ஒரு கருத்தும் உண்டு: வசந்தகாலத்திலும் இலையுதிர்காலத்திலும் இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி, தேவாலய முகப்பின் நிழல் சதுக்கத்தின் கட்டங்களின் மேல் மிகச் சரியாகப் படியுமாறு அளவுகள் வகுக்கப்பட்டன என்பது. கேட்க அழகாக இருக்கிறது; நிழல் விழும் விதத்தை நேரில் பார்த்தால் முற்றிலும் தள்ளிவிடவும் மனம் வராது. எனினும் இவ்வளவு விரிவாக எழுதிய பயஸ் அப்படியொரு நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதபோது, அதை நிறுவப்பட்டதாகக் கொள்ள நான் தயங்குகிறேன்.

பேராலயத்தின் முகப்பு டிராவர்டைன் கல்லால் ஆனது. தடித்த தூண்பட்டைகள் அதை மூன்றாகப் பிரிக்க, மேலே ரோமானியக் கோயில்களின் பாணியில் முக்கோண முகடும், அதில் மாலை சூழ்ந்த வட்டத்துக்குள் பிக்கோலோமினி குடும்பத்தின் ஐந்து பிறைகள் கொண்ட சின்னமும் இருக்கின்றன. இந்தப் பிறைகளை நினைவில் வைத்துக்கொண்டால் ஊரெங்கும் அவற்றைக் காண்பீர்கள். வெளியே ரோமைப் பார்த்த கட்டடம் உள்ளே நுழைந்ததும் வேறொரு நாட்டுக்கு உங்களை அழைத்துச் செல்லும். நடுக்கூடமும் பக்கக் கூடங்களும் ஒரே உயரத்தில் எழுந்து நிற்கின்றன. இத்தாலியில் அன்று இது வழக்கமான அமைப்பு அல்ல. ஆஸ்திரியாவில் ஜெர்மானியரிடையே தாம் கண்ட தேவாலயங்களைப் போல வேண்டும் என்று தாமே ஆணையிட்டதாகப் பயஸ் எழுதுகிறார், ஆகவே இதில் ஊகத்துக்கு இடமில்லை. அவர் அதற்குச் சொன்ன காரணங்கள் அழகும் வெளிச்சமும். வழக்கமான கிழக்கு மேற்குப் போக்கை விட்டுவிட்டுத் தெற்கு நோக்கி நீட்டப்பட்ட பீடப் பகுதியில் கூர்வளைவு கொண்ட உயரமான கோதிக் பாணிச் சாளரங்கள் இருப்பதால், உள்ளே நிற்பவருக்குக் கல் கட்டடத்தில் நிற்பதைவிடக் கண்ணாடி வீட்டில் நிற்பது போன்ற உணர்வு வரும் என்பது அவரே பயன்படுத்திய ஒப்பீடு.

உள்ளே நிற்கும் தூண்களை நிமிர்ந்து பாருங்கள். தூண்தலைக்கு மேல் இன்னொரு குட்டைத் தூண் வைத்தது போன்ற ஓர் அடுக்கு இருக்கும். வேலையாட்களின் பிழையால் தூண்கள் வேண்டிய உயரத்தைவிடக் குறைந்துபோனதாகவும், அதைச் சரிசெய்யச் சேர்த்த அந்தப் பகுதியே புதுமையான அழகாக அமைந்துவிட்டதாகவும் பயஸின் குறிப்பு சொல்கிறது. பணியிடப் பிழை ஒன்றைக் கட்டுவித்தவரே பதிவுசெய்து மகிழ்ந்திருப்பதை வேறு எங்கும் நான் படித்ததில்லை. சுவர்கள் இன்றும் வெள்ளையாக, சுவரோவியம் எதுவும் இன்றி இருப்பதற்கும் அவர்தாம் காரணம். 1462 செப்டம்பர் 16 நாளிட்ட ஆணையில், சுவர்களின் வெண்மையைக் கெடுக்கவோ, ஓவியம் தீட்டவோ, புதிய பீடங்களைச் சேர்க்கவோ, கட்டடத்தின் வடிவத்தை மாற்றவோ கூடாது, மீறுபவர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார் என்று எழுதிவைத்தார். என் துறையில் உள்ளவர்களுக்கு இந்த ஆணை மிகவும் அன்பானது. ஒரு தனிக் கட்டடத்தின் தோற்றத்தைக் காக்க இவ்வளவு கடுமையாக இடப்பட்ட தொடக்ககால ஆணைகளில் இது ஒன்று. அவர் அனுமதித்தவை சியெனா ஓவியர்களின் பீடப் பலகை ஓவியங்கள் மட்டுமே. ஜொவான்னி தி பாவோலோ, சானோ தி பியெத்ரோ, மத்தேயோ தி ஜொவான்னி, வெக்கியெத்தா ஆகியோர் வரைந்த அந்தப் பலகைகள், எந்தத் தேவாலயத்துக்காக வரையப்பட்டனவோ அதே தேவாலயத்தில் இன்றும் இருக்கின்றன. மரியாவின் விண்ணேற்பைக் காட்டும் வெக்கியெத்தாவின் ஓவியத்தின் முன் சற்றுக் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

சரிவது பற்றிய உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: அது கதையல்ல. பீடப் பகுதிக்கு அருகே சென்றால் தரை தெற்கு நோக்கிச் சாய்வதைக் கால்களே உணரும். சுவர்களிலும் கூரை வளைவுகளிலும் விரிசல்களையும் அவற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடுகளையும் காணலாம். காரணமும் நன்கு அறியப்பட்டதே. மலைமுகட்டின் மேல்பகுதியில் ஓரளவு உறுதியான பாறைப் படிவம் இருக்கிறது. அதற்குக் கீழே களிமண். முகட்டின் அகலம் போதாததால் தேவாலயத்தின் தென்பகுதி சரிவின் மேல் நீண்டு நிற்கிறது; அதைத் தாங்குவதற்காகக் கீழே எழுப்பிய பகுதியில்தான் புனித யோவானின் பெயரில் நிலவறைத் தேவாலயம் இருக்கிறது. களிமண் மழைநீரில் ஊறும்போது பருத்தும் வறண்டபோது சுருங்கியும் நகர்கிறது. அதோடு சரிவும் மெல்லக் கீழிறங்குகிறது. கட்டடத்தின் வடபாதி ஒரு தரையிலும் தென்பாதி வேறொரு தரையிலும் நிற்பதால் இரண்டும் ஒரே அளவில் அமிழ்வதில்லை, அந்த வேறுபாடுதான் விரிசலாகத் தெரிகிறது. சாய்வைவிடச் சமமற்ற அமிழ்வுதான் கற்கட்டடங்களுக்குப் பெரிய பகை என்பதை இங்கே பாடம்போல் காணலாம்.

இந்தச் சிக்கல் பின்னால் வந்ததும் அல்ல. அடித்தளத்துக்காகத் தோண்டியபோதே உறுதியான தளம் கிடைக்காமல் பாறைக்குப் பாறை வளைவுகள் எழுப்பவேண்டியிருந்ததையும், கட்டிய சில காலத்திலேயே மேலிருந்து கீழாக ஒரு பிளவு கண்டதையும், சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது வந்த பிளவுதான் அது, அடித்தளம் குறித்து அஞ்சவேண்டாம் என்று கட்டடக் கலைஞர் கருதியதையும் பயஸே பதிவுசெய்திருக்கிறார். அந்த விளக்கம் சரியாக இருக்கவில்லை என்பதை அடுத்துவந்த நூற்றாண்டுகள் காட்டிவிட்டன. தாங்கு சுவர்கள், அடித்தள வலுவூட்டல், நிலத்தடி நீரை வடிக்கும் சுரங்க வடிகால்கள் எனத் தலைமுறை தலைமுறையாக வேலை நடந்திருக்கிறது. ஆனாலும் ரோஸ்ஸெல்லினோவை இதற்காகக் குறைகூற எனக்கு மனம் இல்லை. தேவாலயத்தைச் சற்று வடக்கே தள்ளியிருந்தால் உறுதியான தரை கிடைத்திருக்கும், சதுக்கம் காணாமல் போயிருக்கும். வழக்கம்போலக் கிழக்கு மேற்காகத் திருப்பியிருந்தால் தெற்கு வெயிலும் பக்க இடைவெளிகளும் கிடைத்திருக்கா. நீங்கள் அங்கே கண்டு வியக்கப்போகும் வெளிச்சத்துக்கும் காட்சிக்கும் கொடுத்த விலைதான் அந்த விரிசல். இன்றோ நாளையோ விழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பவேண்டாம். சுமார் 560 ஆண்டுகளாக அசைந்துகொண்டே நின்றிருக்கும் கட்டடம் அது, தொடர்ந்து கவனிக்கப்படுவது. நகர்வு எந்த வேகத்தில் தொடர்கிறது என்பதற்கு நிலவியல் வல்லுநர்களின் அளவீடுகளே விடை தரவேண்டும்.

பிக்கோலோமினி மாளிகைக்குக் கட்டாயம் சீட்டு வாங்கி உள்ளே செல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று தளங்களிலும் தட்டைத் தூண்களால் கட்டம் பிரித்த முகப்பு, ஃபுளோரன்ஸில் ஆல்பெர்த்தியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ருச்சேல்லாய் மாளிகையை அப்படியே நினைவூட்டும். இரண்டில் எது மூத்தது, எது எதைப் பின்பற்றியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபுளோரன்ஸ் மாளிகையே முன்மாதிரி என்பது பெரும்பான்மைக் கருத்து. ருச்சேல்லாய் மாளிகையின் கட்டுமானத்திலும் ரோஸ்ஸெல்லினோவுக்குப் பங்கு இருந்ததாகக் கருதப்படுவதால் கேள்வி மேலும் சிக்கலாகிறது. ஃபுளோரன்ஸில் இல்லாத ஒன்று இங்கே மாளிகையின் முதுகுப்புறம் இருக்கிறது. தெருவையும் சதுக்கத்தையும் நோக்கிய முகப்புகள் கோட்டைபோல் இறுகியிருக்க, தென்புறம் மட்டும் மூன்று தளங்களிலும் திறந்த தூண் தாழ்வாரங்களாக விரிந்து, கீழே ஒரு தோட்டத்தையும் அதற்கப்பால் 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாட்டா மலையையும் நோக்குகிறது. அந்தத் தோட்டம் இயற்கை நிலத்தில் இல்லை. சரிவில் எழுப்பிய வளைவுகளின் மேல் மண் நிரப்பி அமைத்தது, கீழே நூறு குதிரைகளுக்கான இலாயம் இருந்தது. வீட்டையும் தோட்டத்தையும் தொலைநிலத்தையும் ஒரே அச்சில் வைத்துச் சிந்தித்த மறுமலர்ச்சிக் கால முயற்சிகளில் இது மிக முற்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இன்று பின்னாலிருக்கும் ஓர்ச்சா பள்ளத்தாக்கும் 2004 முதல் தனியே உலகப் பாரம்பரியக் களம். பிக்கோலோமினி குடும்பத்தார் 1962 வரை இம்மாளிகையில் வாழ்ந்ததால் அறைகளில் காணும் தட்டுமுட்டுப் பொருள்கள் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை அனைத்தையும் போப்பின் காலத்தவையாக எண்ணிவிடக் கூடாது.

செலவு பற்றிய கதையையும் வழிகாட்டிகள் சொல்வார்கள், அது பயஸின் குறிப்புகளிலேயே இருப்பது. மதிப்பீடு பலமடங்கு மீறி ஐம்பதாயிரம் தங்க நாணயங்களுக்கு மேல் செலவாகிவிட்டது என்று எதிரிகள் கட்டடக் கலைஞர்மேல் குற்றம் சுமத்தினார்கள். போப் அவரை அழைத்தபோது எல்லாரும் தண்டனையை எதிர்பார்த்தார்கள். அவரோ, நீர் உண்மைச் செலவைச் சொல்லியிருந்தால் நாம் இதைத் தொடங்கியே இருக்கமாட்டோம், இந்த மாளிகையும் தேவாலயமும் இன்று இருந்திரா என்ற பொருளில் பேசி, முழு ஊதியத்தோடு நூறு நாணயமும் செந்நிற அங்கியும் அளித்தார். பெருந்தன்மையைக் காட்ட எழுதப்பட்ட காட்சி என்பதால் உரையாடல் சொல்லுக்குச் சொல் நடந்திருக்க வேண்டியதில்லை. செலவு மீறியது என்ற செய்தியை ஐயுறக் காரணமில்லை.

சுற்றியுள்ள மற்றக் கட்டடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். இடப்புற மாளிகை, பின்னாளில் ஆறாம் அலெக்சாந்தர் என்ற போப்பாகிய கர்தினால் ரொட்ரிகோ போர்ஹாவுக்குக் கட்டுமாறு ஒப்படைக்கப்பட்டது. பிறகு ஆயர் இல்லமாயிற்று, இப்போது மறைமாவட்ட அருங்காட்சியகம். அங்கே பயஸ் தேவாலயத்துக்கு வழங்கிய, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பூவேலை செய்யப்பட்ட வழிபாட்டு மேலங்கி இருக்கிறது. ஊசியால் இவ்வளவு நுட்பம் செய்ய முடியுமா என்று வியக்க வைக்கும் பொருள் அது. ஊரில் பலரும் தவறவிடுவதும் அதுவே. ஊர் மன்றத்தின் கோபுரம் தேவாலயக் கோபுரத்தைவிடத் தாழ்ந்திருப்பது திருச்சபையின் மேலாண்மையைக் காட்டவே என்று சொல்வார்கள். பொருத்தமான விளக்கம்தான், ஆனால் விளக்கம் மட்டுமே. தெருவில் பிக்கோலோமினி மாளிகைக்கு எதிரே கர்தினால் அம்மன்னாத்தி கட்டிய மாளிகையும், அருகே வேறு சில கர்தினால்களின் இல்லங்களும் உள்ளன. போப் தம் அவையினரை வற்புறுத்திக் கட்டவைத்தவை இவை. வடகிழக்கே மதிலை ஒட்டி ஒரே வரிசையில் எழுப்பிய பன்னிரண்டு எளிய வீடுகளையும் நடந்துபோய்ப் பாருங்கள். மையத்தில் இடிக்கப்பட்ட வீடுகளுக்குப் பதிலாக எளியவர்களுக்கென்று கட்டப்பட்டவை என்று கருதப்படுகிறது. பெரியவர்களின் சதுக்கத்துக்காக இடம்பெயர்ந்தவர்களை நினைவூட்டும் அந்த வரிசைக்கு எந்தக் கையேடும் அரை வரிக்கு மேல் தருவதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இவையெல்லாம் ஏன் இப்படியே எஞ்சின என்பதற்கு 1464-ஆம் ஆண்டுதான் விடை. சிலுவைப்போர்ப் படையை எதிர்பார்த்து அன்கோனாவில் காத்திருந்த பயஸ் அந்த ஆகஸ்டில் இறந்தார். ரோஸ்ஸெல்லினோவும் அதே ஆண்டில் இறந்தார். போப் இல்லாத பியென்சாவுக்குக் கர்தினால்கள் வரக் காரணம் இல்லை. ஊர் வளரவில்லை, செல்வம் சேரவில்லை, ஆகவே பிற்காலத்தவர் இடித்துப் புதிதாகக் கட்டவும் இல்லை. போப்பின் ஆணை தேவாலயத்தின் உட்சுவர்களைக் காத்தது என்றால், ஊரின் மற்றப் பகுதிகளைக் காத்தது பெரும்பாலும் வறுமைதான். பழைய ஊர்கள் பலவற்றில் வேலைசெய்தவன் என்ற முறையில் இதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

போப்புக்கு முந்தைய கோர்சினியானோவைக் காண இரண்டு இடங்கள் உண்டு. மாளிகைக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருக்கும் புனித பிரான்சிஸ் தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எளிய கோதிக் கூடம். உள்ளே பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் எஞ்சியிருக்கின்றன. பேராலயத்தின் வெறுமையான வெள்ளைச் சுவர்களைப் பார்த்த உடனே இங்கே வந்தால், பயஸ் எதை வேண்டாம் என்றார் என்பது புரியும். மற்றொன்று ஊருக்கு வெளியே, சரிவில் சிறிது தூரம் இறங்கினால் வரும் பழைய பங்குக் கோயிலான கோர்சினியானோ பியேவே. கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியில், உருளை வடிவக் கோபுரத்துடன் நிற்கும் அதன் வாயிலின் மேல் இரட்டை வாலுடைய கடற்கன்னியின் செதுக்கம் இருக்கிறது. பயஸ் திருமுழுக்குப் பெற்ற தொட்டி அங்கே இருப்பது என்று மரபு சொல்கிறது. அவர் பிறந்த காலத்தில் ஊரின் பங்குக் கோயில் அதுவாக இருந்ததால் அந்த மரபு நம்பத்தக்கதே.

அரை நாளில் இவை எல்லாம் முடியும், வரிசையைக் கொஞ்சம் கவனித்தால் போதும். தேவாலயத்தின் முகப்பு வடக்கு நோக்கியது என்பதால் பகலின் பெரும்பகுதி அது நிழலிலேயே இருக்கும். படம் எடுப்பதற்காக வெயிலை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. உள்ளேயோ நண்பகலை ஒட்டித்தான் தெற்குச் சாளரங்களின் ஒளி நிறையும், ஆகவே அந்த நேரத்தைத் தேவாலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மேற்கு வாயிலில் நுழைந்து, புனித பிரான்சிஸ் கோயிலையும் மாளிகையையும் முதலில் பார்த்துவிட்டு, நண்பகலில் பேராலயம், அதன்பின் அருங்காட்சியகம், இறுதியில் தேவாலயத்தின் பின்புறம் மதிலை ஒட்டிச் செல்லும் நடைபாதை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அந்த நடைபாதையில் நின்று பீடப் பகுதியின் வெளிச்சுவரை அண்ணாந்து பாருங்கள். முகட்டைத் தாண்டி அது எவ்வளவு தூரம் சரிவின் மேல் வந்து நிற்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். பியேவேக்கு இறங்கினால் ஏறித் திரும்பவும் வேண்டும் என்பதால், உங்களோடு முதியவர்கள் வந்தால் அதை மட்டும் வண்டியில் சென்று பாருங்கள். புறப்படும் முன் தேவாலயமும் அருங்காட்சியகமும் மாளிகையும் திறந்திருக்கும் நேரங்களைத் தனித்தனியே உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் நேரம் ஒன்றல்ல, பருவத்துக்குப் பருவம் மாறவும் செய்யும்.